பஞ்சதந்திரத்துக் குயவனும் பிறப்புரிமையியலும்

பூரணபத்திரர் என்னும் சமண முனிவர் 1199ஆம் ஆண்டில் தொகுத்த வடமொழிப் பஞ்சதந்திரத்தின் நான்காந் தந்திரத்தில் ஒரு குயவன் வருகிறான். குடிமயக்கத்தில் ஓடி, உடைந்த பானையோடுகளின் மீது விழுந்து நெற்றியிற் காயம்பட்டவன் அவன். காயம் ஆறித் தழும்பாயிற்று. பஞ்சத்தால் ஊரைவிட்டுப் பிழைக்கச் சென்ற நாட்டில், அரசன் அத்தழும்பைக் கண்டு, போர்க்களத்தில் எதிர்நின்று பெற்ற விழுப்புண் இது என்று கருதி, அவனைத் தன் வீரருள் முதன்மையாக வைத்துப் போற்றுகிறான். போர் நெருங்குகிறது. எந்தப் போரிற் பெற்ற புண் என்று அரசன் தனிமையிற் கேட்க, குயவன் ஒளிக்காமல் உண்மையைச் சொல்லிவிடுகிறான். உடனே அவனை வெளியே தள்ளும்படி ஆணை பிறக்கிறது. போரில் என் கைவன்மையைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள் என்று குயவன் மன்றாடுகிறான். அரசன் பார்க்கவில்லை. அதற்குப் பதிலாக ஒரு கதை சொல்கிறான்.

இரை கிடைக்காத நாளொன்றில் ஆண்சிங்கம் ஒரு நரிக்குட்டியைக் கவ்விக்கொண்டு வருகிறது. பெண்சிங்கம் அதனைக் கொல்ல மனமின்றிப் பாலூட்டித் தன் குட்டிகள் இரண்டோடும் மூன்றாவதாக வளர்க்கிறது. வேற்றுமை அறியாமல் மூன்றும் ஒன்றாக விளையாடித் திரிகின்றன. ஒருநாள் காட்டுயானை எதிர்ப்படுகிறது. சிங்கக்குட்டிகள் பாய முனைய, நரிக்குட்டி அவற்றைத் தடுத்துவிட்டு வீட்டை நோக்கி ஓடுகிறது. பின்னர் பெண்சிங்கம் அதனைத் தனியே அழைத்து, நீ பிறந்த குலம் யானை கொல்லும் குலம் அன்று என்பதை எடுத்துச் சொல்லி, உண்மை வெளிப்படுமுன் உன் இனத்தாரிடம் போய்விடு என்று அனுப்பிவிடுகிறது. கதை முடிகிறது, குயவனும் போய்விடுகிறான்.

கதைத் தொழில் என்ற அளவில் இதிற் குறை சொல்வதற்கு அதிகம் இல்லை. பெண்சிங்கத்தின் இரக்கம் மெய்யாகவே இருக்கிறது. நரிக்குட்டியின் ஓட்டம் சிரிப்பை வரவழைக்கிறது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே நாம் அரசனின் பக்கம் சாய்ந்துவிடுகிறோம். சாய்ந்த பிறகு ஒன்றைக் கவனிக்கத் தவறுகிறோம். நரியும் சிங்கமும் வெவ்வேறு விலங்கினங்கள். குயவனும் அரசனும் ஓரினம். முதலிற் சொன்ன வேற்றுமையைப் பின்னதன் தலையில் ஏற்றிவைப்பதற்குக் கதாசிரியருக்குத் தேவைப்பட்டது ‘குலம்’ என்ற ஒரே சொல்தான். நரிக்கும் குலம், குயவனுக்கும் குலம். எண்ணூறு ஆண்டுகளாக இந்தச் சொல் இந்த வேலையைச் செய்துவருகிறது.

இக்காலத்தில் இக்கதையை யார் படிக்கிறார்கள் என்று கேட்கலாம். படிக்காமலே சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்பதே எமது விடை. பரிசளிப்பு விழா மேடைகளிற் புலிக்குப் பிறந்தது பூனையாகுமா என்ற பழமொழி ஒலிக்கிறது. ஞாயிற்றுப் பத்திரிகையின் மணமக்கள் விளம்பரத்தில், மாப்பிள்ளைக்குக் கனடாக் குடியுரிமை இருக்கும். பெண் பல்கலைக்கழகப் பட்டதாரியாக இருப்பாள். ஆயினும் சாதி கேட்கப்படும். வெள்ளவத்தைத் தொடர்மாடியிற் கூடும் உறவினரிடையே ‘இரத்தத்திலேயே ஊறியது’ என்று முன்னர் சொன்னதை இப்போது ‘டீ.என்.ஏ.யிலேயே இருக்கிறது’ என்று சொல்கிறார்கள். சொல் மாறியதால் விஞ்ஞானம் வந்துவிட்டது என்ற நினைப்பு.

எமது பாடநூற் கலைச்சொல்லும் இதற்கு ஓரளவு துணைபோகிறது. தமிழகத்தார் மரபியல் என்பதை இலங்கையில் நாம் ‘பிறப்புரிமையியல்’ என்கிறோம். மரபணுவைப் ‘பரம்பரையலகு’ என்கிறோம். பின்னதிற் பிழையில்லை. முன்னதோ, பிறப்பினால் வரும் உரிமை என்று பொருள்தருகிறது. தாய் தந்தையரிடமிருந்து உயிரணுவழி வந்துசேரும் இயல்பு ஒன்று. பிறந்த வீட்டை வைத்துச் சமூகம் வழங்கும் அல்லது மறுக்கும் உரிமை முற்றிலும் வேறொன்று. மொழி ஆசிரியர்கள் இச்சொல்லைக் கடந்து போகும்போது ஒரு கணம் நின்று மாணவருக்கு இதைச் சொல்வது நல்லது.

இனி, கதையின் முற்பாதியை அதன் தகுதிக்கேற்பப் பார்ப்போம். நரிக்குட்டி சிங்கத்தின் பாலைக் குடித்தாலும் நரியாகவே வளரும் என்பது மெய்யா? மெய்தான். அதற்குக் காடுவரை போகவேண்டியதில்லை. சித்திரைப் புத்தாண்டை ஒட்டிக் கொழும்பில் எங்கும் குயில் கூவுகிறது. சிங்களவர் அதனைக் கோஹா என்று அழைத்துப் புத்தாண்டின் கட்டியமாகவே கொள்வர். வெள்ளவத்தைக் கால்வாயோரத்து மரங்களிலும் கொட்டாஞ்சேனைக் கோயில் வீதிகளிலும் காக்கைக்குப் பஞ்சமில்லை. காக்கை கூடு கட்டும் காலத்திற் கரிய ஆண்குயில் அதன் கண்ணிற்பட்டு அதனைத் துரத்தச் செய்யும். புள்ளிகள் நிறைந்த பெண்குயில் அந்த இடைவேளையிற் கூட்டுக்குள் முட்டையிட்டுவிடும். குயிற்குஞ்சு காக்கைக் குஞ்சுகளுக்கு முன்பே பொரித்துவிடுகிறது. காக்கை ஊட்ட வளர்கிறது. தன்னைப் பெற்றவர்களோடு அது ஒருநாளும் வாழ்ந்ததில்லை. ஆனாலும் வளர்ந்த ஆண்குஞ்சு கரையாமற் கூவுகிறது. பெண்குஞ்சு தன் பருவம் வந்ததும், எவரும் காட்டிக்கொடுக்காமலே, காக்கைக் கூட்டைத் தேடிப் போகிறது. இந்த நடத்தை முட்டைக்குள்ளே வந்தது என்பதை மறுக்க வழியில்லை.

ஆனால் எல்லாப் பறவைக்கும் இதுவே விதி என்று எண்ணிவிடக்கூடாது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் தோர்ப் என்பவர் 1950களில் சாஃபிஞ்சு என்னும் ஐரோப்பியக் குருவியின் குஞ்சுகளைப் பிற குருவிகளின் ஓசை கேளாமல் வளர்த்துப் பார்த்தார். அவை பாடின, ஆயினும் அது அரைகுறையான, உருக்குலைந்த பாட்டாக இருந்தது. முதிர்ந்த குருவியின் பாட்டை இளமையிற் கேட்டவையே முழுப்பாட்டைப் பாடின. குயிலுக்குப் பாட்டுப் பரம்பரைச் சொத்து. சாஃபிஞ்சுக்குப் பரம்பரையாக வருவது பாட்டைக் கற்கும் ஆற்றல். ஒரே வானத்திற் பறக்கும் இரண்டு பறவைகளிடையே இவ்வளவு வேற்றுமை இருக்கும்போது, நரியைக் காட்டி மனிதனுக்குத் தீர்ப்புச் சொல்வது எவ்வளவு அவசரமான காரியம்!

குயிலையும் ஓர் அரசன் வழக்காடப் பயன்படுத்தியிருக்கிறான். மறைமலையடிகளின் மொழிபெயர்ப்பிலே சாகுந்தலத்தைப் படித்தவர்கள் ஐந்தாம் அங்கத்தை மறந்திருக்கமாட்டார்கள். கருவுற்று வந்து சபையில் நிற்கும் சகுந்தலையை யாரென்று தெரியாது என மறுக்கும் துஷ்யந்தன், பெண்ணினத்துக்கு வஞ்சகம் கல்லாமலே வரும் என்றும், குயிற்பேடு தன் குஞ்சைப் பிற பறவையைக் கொண்டு வளர்ப்பதே அதற்குச் சான்று என்றும் வாதிடுகிறான். குயவனை விரட்டிய அரசனின் வாதமும் இதுவும் ஒரே அச்சில் வார்த்தவை. ஆனால் இரண்டு நூல்களின் தரமும் இங்கேதான் பிரிகிறது. காளிதாசன் இந்த வாதத்தை நினைவிழந்து நிற்கும் ஒருவனின் வாயில் வைத்தான். அவன் சொல்வது பொய் என்பது நாடகம் பார்ப்பவருக்கு அப்போதே தெரியும். மோதிரம் கிடைத்த பின் அவனுக்கும் தெரிகிறது. பஞ்சதந்திரத்திலோ அரசனை மறுக்க எவரும் இல்லை. கதை சொன்னவனே தீர்ப்பும் சொல்லிவிட்டான். பிற்போக்கான கருத்து ஒரு நூலில் வருவதும் அந்நூலே அக்கருத்தாக இருப்பதும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டை நாம் காணவில்லை.

முற்போக்காளர் இவ்விடத்திற் செய்யும் தவறு ஒன்று உண்டு. பிறப்பை வைத்து மனிதரைத் தாழ்த்துவதை எதிர்க்கும் வேகத்தில், பரம்பரையலகு நடத்தையைத் தொடவே தொடாது என்று அடித்துப் பேசிவிடுகிறார்கள். இந்தப் பேச்சுக்கு ஒரு நாடு கொடுத்த விலை பெரிது. 1948 ஓகஸ்டில் மொஸ்கோவிற் கூடிய லெனின் விவசாய விஞ்ஞானக் கழகத்தின் கூட்டத்தில், லைசென்கோவின் கொள்கை அரசின் கொள்கையாயிற்று. பிறப்புரிமையியல் முதலாளித்துவத்தின் பொய் என்று தள்ளப்பட்டது. உலகெங்கும் அலைந்து பயிர்விதைகளைத் திரட்டிய வவிலோவ் அதற்கு முன்பே, 1940இற் கைதாகி, 1943இற் சரத்தோவ் சிறையில் மாண்டார். ‘டெயிலி வேர்க்கர்’ நாளிதழின் ஆசிரியர் குழுவுக்குத் தலைமைதாங்கிய ஹால்டேன், தாமே இத்துறையின் மேதையாக இருந்தும் லைசென்கோவை முழுமையாக மறுத்துப் பேசத் தயங்கினார். பின்னர் கட்சியிலிருந்து விலகினார். 1957இல் இந்தியாவுக்கு வந்து, கல்கத்தாவிலும் புவனேசுவரத்திலும் பணிபுரிந்து, 1964இல் அங்கேயே மறைந்தார். அவருடைய அரசியலை மெச்சும் எமது இளைஞர்கள் அந்தத் தயக்கத்தையும் சேர்த்தே படிக்கவேண்டும். விரும்பத்தகாத முடிவு வந்துவிடுமோ என்று அஞ்சி உண்மையை ஒளிப்பவன், அந்த உண்மையை எதிரியின் கையில் ஒப்படைக்கிறான்.

அதே சோவியத் நாட்டில், அந்த இருட்டு முற்றாக விலகுமுன்னரே, ஒருவர் நரியைக் கையில் எடுத்தார். திமித்ரி பெல்யாயெவ் என்பது அவர் பெயர். அவருடைய தமையன் நிக்கொலாய் 1937இற் கைதாகிச் சுட்டுக்கொல்லப்பட்ட பிறப்புரிமையியலாளர். தம்பியும் 1948இல் வேலையை இழந்தார். 1959இல் நொவொசிபிர்ஸ்க்கில், உடற்றொழிலியல் ஆராய்ச்சி என்ற போர்வையில், தோலுக்காக வளர்க்கும் வெள்ளிநரிகளில் மனிதனுக்கு மிகக் குறைவாக வெருளுபவற்றை மட்டும் தெரிந்தெடுத்து இனம்பெருக்கத் தொடங்கினார். நான்காந் தலைமுறையில் ஒரு குட்டி மனிதரைக் கண்டு வாலாட்டிற்று. சில தலைமுறைகளுக்குப் பின் கையை நக்கும், கூப்பிட ஓடிவரும் நரிகள் பிறந்தன. எதிர்த்திசையிற் கடுஞ்சினமுள்ளவையும் தெரிந்து வளர்க்கப்பட்டன. சினமுள்ள தாயின் கருவை எடுத்துச் சாந்தமான தாயின் வயிற்றிற் பதித்துப் பார்த்தபோதும், பிறந்த குட்டி பெற்ற வழியின் சினத்தையே காட்டிற்று. பெண்சிங்கத்தின் பால் நரிக்குட்டியை மாற்றவில்லை என்பதைவிட இது பெரிய செய்தி. ஏனெனில் இங்கே இரண்டும் ஓரினம்.

அப்படியானால் குயவரும் அரசரும் இவ்வாறு பிரிந்துபோயிருக்கலாமே என்று ஒருவர் கேட்பார். நேர்மையான கேள்விதான்; அதற்குக் கோபம் விடையாகாது. சாதிக்குள்ளேயே தலைமுறை தலைமுறையாக மணம்செய்துவந்த கூட்டங்களிற் சில பரம்பரை நோய்கள் மிகுந்திருப்பது உண்மை. ஆனால் நொவொசிபிர்ஸ்க் நரிகளுக்கு நடந்தது வெறும் அகமணம் அன்று. ஒவ்வொரு தலைமுறையிலும் ஒவ்வொரு நரியும் ஒரே குணத்துக்காகச் சோதிக்கப்பட்டது. தேறிய மிகச் சிலவே இணைசேர விடப்பட்டன. எந்த ஊரில், எந்தக் காலத்தில், வீரத்திற் சோதித்து, தோற்றவனுக்குப் பெண்கொடாமல் ஓர் அரச குலம் நடத்தப்பட்டது? எந்தக் குயவர் தெருவிற் கோழைகளை மட்டும் மணமுடித்துவைத்தார்கள்? மணப்பேச்சில் நிலமும் நகையும் சீதனமும் பேசப்பட்டன. இப்போது விசாவும் பேசப்படுகிறது. இவற்றுள் எதுவும் யானையை எதிர்க்கும் துணிவைத் தெரிந்தெடுக்கும் முறையன்று.

நாயின் கதையையும் இங்கே சொல்லவேண்டும். விலைகொடுத்து வாங்கும் நாயை நாம் ‘சாதி நாய்’ என்றே அழைக்கிறோம். குணம் சாதியோடு வரும் என்று நம்பித்தான் பணத்தைக் கொடுக்கிறோம். 2022இல் அமெரிக்காவில் வெளியான பெரும் ஆய்வொன்று பதினெண்ணாயிரத்துக்கு மேற்பட்ட நாய்களின் நடத்தையைப் பற்றி வளர்ப்பவரிடம் விசாரித்து, ஈராயிரத்துக்கு மேற்பட்டவற்றின் பரம்பரையலகுகளையும் ஆராய்ந்தது. நாய்க்கு நாய் காணப்படும் நடத்தை வேற்றுமையில் ஏறத்தாழ 9 சதவீதத்தையே அதன் சாதியைக் கொண்டு விளக்கமுடிந்தது. நடத்தையிற் பரம்பரையலகுக்குப் பங்கில்லை என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. பங்கு உண்டு, ஆனால் அது சாதிப் பெயரோடு ஒட்டிக்கொண்டு வருவதில்லை. வேண்டுமென்றே தெரிந்து வளர்த்த நாயின் கதி இதுவென்றால் மற்றவற்றைப் பற்றி என்ன சொல்வது?

பிறப்போடு வருவதெல்லாம் பரம்பரையலகின் வழி வருவதும் அன்று. பொலன்னறுவை இடிபாடுகளிடையே வாழும் செங்குரங்குகளை, சிங்களவர் ரிலவா என்பவற்றை, வொல்ப்காங் டிட்டஸ் என்னும் ஆய்வாளர் 1968 முதற் பல பதிற்றாண்டுகள் தொடர்ந்து கவனித்தார். அக்கூட்டத்தில் தாயின் நிலையே மகளின் நிலை. உயர்நிலைக் குரங்கு தாழ்நிலைக் குரங்கின் வாயைத் திறந்து, கன்னப்பையில் அது அடக்கிவைத்த உணவையும் தோண்டி எடுத்துத் தின்னும். உணவு குறையும் காலத்தில் முதலில் இறப்பவை அதிகாரமற்ற இளங்குரங்குகள். பார்ப்பவனுக்கு இது பிறவியில் எழுதிய விதி என்றே தோன்றும். ஆபிரிக்காவின் புள்ளிக் கழுதைப்புலிகளிடத்திலும் இதே ஒழுங்கு உண்டு. செரங்கெற்றி, கொரொங்கோரோ ஆகிய இடங்களின் கழுதைப்புலிகளை வைத்து 2009இல் வெளியான ஆய்வு அதனைச் சோதித்துப் பார்த்தது. வேற்றுத்தாய் எடுத்து வளர்த்த குட்டிகள் எந்த நிலையை அடைகின்றன? பெற்றவளின் நிலையை அன்று, வளர்த்தவளின் நிலையை! தாயின் பக்கபலமும் மற்றவை அவளுக்கு அடங்கிப்போகும் பழக்கமுமே குட்டியை அந்தப் படியில் நிறுத்துகின்றன. பஞ்சதந்திரம் சொல்ல மறந்த பெண்சிங்கம் இதுதான்.

தேனீக்களை விரிக்க இடமில்லை. பூச்சியியலார் இராணி, வேலைக்காரி என்ற பிரிவுகளைச் ‘சாதி’ என்ற சொல்லாலேயே குறித்துவருகின்றனர். ஆனால் இரண்டும் ஒரே வகை முட்டையிலிருந்து வருபவை, ஊட்டும் உணவே ஒன்றை இராணியாக்குகிறது என்பதை மட்டும் சொல்லிக் கடந்துபோகிறோம்.

ஆசிரியர்களாகிய நாம் அதிகம் நின்று பார்க்கவேண்டியது எலிகளை. கலிபோர்னியாவில் திரையன் என்பவர், புதிர்வழியிற் குறைவாகத் தவறிய எலிகளையும் மிகுதியாகத் தவறியவற்றையும் தனித்தனியே இனம்பெருக்கி, சில தலைமுறைகளிற் கூரியவை, மந்தமானவை என்ற இரு வழிகளை உண்டாக்கினார். 1940இல் அம்முடிவு வெளிவந்தது. இவ்வாறே கனடாவிற் பிரித்து வளர்க்கப்பட்ட இரு வழி எலிகளை 1958இற் கூப்பரும் சூபெக்கும் சோதித்தனர். வழக்கமான கூட்டில் வளர்ந்தபோது கூரியவை சராசரி 117 தவறுகளும் மந்தமானவை 164 தவறுகளும் செய்தன. ஏணி, சுரங்கவழி, பந்து, ஊஞ்சல் எல்லாம் வைத்த கூட்டில் வளர்ந்தபோது முன்னவை 111, பின்னவை 120. சாம்பல் நிறச் சுவரும் உணவுப்பெட்டியும் தண்ணீரும் தவிர வேறொன்றுமில்லாத கூட்டிலோ இரண்டும் 170! கூரிய வழியிற் பிறந்த எலி, வெறுங்கூட்டில், மந்த எலியாகவே நின்றது.

எலி பிள்ளையன்று என்பது எமக்கும் தெரியும். ஆயினும் கொட்டாஞ்சேனைச் சந்தொன்றில் ஒற்றையறையில் அறுவரோடு படுத்தெழுந்து, கடைக்கு உதவிசெய்துவிட்டு வகுப்புக்கு வரும் பிள்ளையையும், மலைநாட்டு லயத்திலிருந்து வந்து உறவினர் வீட்டில் ஒண்டிப் படிக்கும் பிள்ளையையும் பார்த்து, ‘இவர்களுக்குப் படிப்பு ஏறாது, பரம்பரையில் இல்லை’ என்று சொல்பவர்கள் ஆசிரியர் அறைகளில் இன்றும் இருக்கிறார்கள். அவர்களிடம் நாம் கேட்பது ஒன்றுதான்: எந்தக் கூட்டில் வைத்து எடுத்த எண்ணிக்கை அது? சவரத் தொழிலாளர் குடும்பத்திற் பிறந்த டொமினிக் ஜீவா 1966இல் ‘மல்லிகை’யைத் தொடங்கி நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நடத்தியபோது அவருடைய குலத்தில் யார் இதழாசிரியராக இருந்தார்கள் என்று கேட்டவர்களும் இவ்வினத்தவர்களே.

பஞ்சதந்திரக் கதையில் இன்னொரு வரிச் செய்தி உண்டு; பலர் அதைக் கவனியாமல் விடுகிறார்கள். நரிக்குட்டி திரும்பி ஓடியபோது சிங்கக்குட்டிகள் இரண்டும் யானையின் மீது பாயவில்லை. மூத்தவன் ஓடுவதைக் கண்டு அவையும் மனம் தளர்ந்து வீட்டுக்குத் திரும்பிவிட்டன. சிங்கத்துக்குப் பிறந்த சிங்கங்கள், தூய குலத்தவை, கூடப் பழகியவனைப் பார்த்துத் தம் நடத்தையை மாற்றிக்கொண்டன! கதாசிரியர் நல்ல கலைஞராதலால் இதனை எழுதிவிட்டார். நல்ல அரசவிசுவாசியாதலால் இதன் பொருளைத் தேடவில்லை. உண்மைக் காட்டில், முழு வளர்ச்சியடைந்த யானையைக் கண்டாற் சிங்கமும் பெரும்பாலும் ஒதுங்கியே போகும். நரிக்குட்டி சொன்னது கோழைத்தனம் அன்று, புத்தி.

குயவனைப் பொறுத்தவரையில், அவன் பொய் சொல்லிப் பதவி பெறவில்லை. தழும்பைத் தவறாகப் படித்தது அரசன். கேட்டபோது, இழப்பது எவ்வளவென்று தெரிந்தும் மெய்யைச் சொன்னான். அந்தத் துணிவை அரசன் கணக்கிலெடுக்கவில்லை. களத்தில் என்னைப் பாருங்கள் என்ற வேண்டுகோளும் கேட்கப்படாமலே போயிற்று. அவனை அனுப்பிவிட்டு அரசன் நடத்திய போர் வெற்றியா தோல்வியா என்பதைக் கதை சொல்லவில்லை.